பன்னிரண்டு மணிக்கு ஒரு பெயர்

போன் அடித்தது.

மணி பத்து நாற்பது.

மைக்கய்யா முதலில் தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அப்புறம்தான் போனை எடுத்தார்.

அவசரத்துக்கு அடிக்கிற போனுக்கு எதற்கு இத்தனை சம்பிரதாயம் என்கிறீர்களா? இப்போதே சொல்லிவிடுகிறேன். கதை முழுக்க அந்தச் சால்வையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வாராவாரம் கூடி உபதேசம் கேட்கிற ஒரு சபை. அதன் தலைவர் பெரியவர். எண்பத்தோரு வயது. தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். அவர் காதோடு சொல்வதை வாங்கி மைக்கில் உரக்கச் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டுமே... அந்தப் பதவிக்கு மறுகுரல் என்று பெயர். பதினெட்டு வருடமாக அந்தப் பதவியில் இருப்பவரைப் பதவிப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மைக்கய்யா, அவ்வளவுதான்.

சால்வை தோளில் இருந்தால் அவர் வாயிலிருந்து வருவது பெரியவரின் சொல். கூடம் மொத்தமும் எழுந்து நின்று கேட்கும். சால்வையைக் கழற்றிவிட்டால் அது மைக்கய்யாவின் சொந்தப் பேச்சு. ஒருத்தரும் அசைய மாட்டார்கள். இதை யாரும் எழுதி மாட்டி வைக்கவில்லை. சபைக் குடும்பத்தில் பிறந்த குழந்தை நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடும்.

"ஹலோ..."

"மைக்கய்யாவா?"

துணி வைத்து மூடிப் பேசுகிற குரல்.

"ஆமாங்க. யாரு பேசறது?"

"பொண்ணு கடைக்குப் போய்ச் சேர்ந்துடுச்சான்னு கேட்டீங்களா?"



"யாருங்க நீங்க?"

"வாட்ஸப்பைப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பார்த்தார்.

ஒரு மூக்குக் கண்ணாடியின் போட்டோ. இடது பக்கக் கம்பி உடைந்து, நீல நூல் சுற்றியிருந்தது.

அவர் மகளுடையது. வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில்... சொந்தக் கண்ணாடிக்கு நூல் வைத்தியம். 'இன்னைக்காவது மாத்திக்கோ பாப்பா' என்று காலையில்தான் திட்டி அனுப்பியிருந்தார். கண்ணாடி இல்லாவிட்டால் நாலடிக்கு அப்பால் அவளுக்கு எல்லாமே புகைதான். தாய் இல்லாத பெண். பத்தொன்பது வயது.

அவர் சட்டென்று எழுந்ததில் மேஜை இடிபட்டது. மேஜையில் இருந்த காபி டம்ளர் சாய்ந்தது. சூடான காபி சால்வை மேல் ஓடியது. அவர் பார்க்கவில்லை.

"அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க... உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒரே ஒரு பேரு."

"பேரா?"

"நாளன்னிக்கு ஓட்டு. இன்னைக்குப் பன்னெண்டு மணிக் கூட்டத்துல பெரியவர் ஒரு வேட்பாளர் பேரைச் சொல்லப் போறார். சபைக்காரங்க அத்தனை பேரும் கண்ணை மூடிக்கிட்டு அதுக்குக் குத்தப் போறாங்க. அது காண்ட்ராக்டர் பேரா இருக்கணும்."

"பெரியவர் எதைச் சொல்றாரோ, அதைத்தாங்க நான்..."

மறுமுனை சிரித்தது.

"பெரியவர் பேசி ரெண்டு வருஷமாச்சு மைக்கய்யா. எங்களுக்குத் தெரியும்."

அவர் அறைக் கதவைச் சாத்தினார்.

"அந்த வெளியூர் பிசியோதெரபி பையனை மூணு மாசத்துக்கு முன்னாடி வேலையை விட்டு நிறுத்தினீங்களே... அவன் எங்ககிட்டதான் இருக்கான். ரெண்டு வருஷமா பெரியவர் சொன்னதா நீங்க சொன்னதெல்லாம் யார் சொன்னதுன்னு அவனுக்குத் தெரியும். போலீசுக்குப் போனா முதல்ல இது வெளியே வரும். அப்புறம் பொண்ணு வெளியே வராது. எங்க ஆள் அங்கேயேதான் உங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கான். பன்னெண்டு மணி. ஒரு பேரு."

லைன் கட்.

அந்த மனிதன் சொன்னது உண்மை.

இரண்டு வருடம் முன்பு பெரியவருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு மாதம் கழித்துச் சக்கர நாற்காலியில் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். மைக்கய்யா குனிந்து காதைக் கொடுத்தார். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. எதிரே நாலாயிரம் முகங்கள். பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களிடம் 'பெரியவருக்கு வாய் போய்விட்டது' என்று எப்படிச் சொல்வது?

"எல்லோரும் தைரியமாக இருங்கள்" என்று சால்வையோடு சொல்லிவிட்டார்.

அதுதான் முதல் பொய். அதற்கப்புறம் வாரா வாரம்... குனிவார். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். நிமிர்வார். பேச ஆரம்பிப்பார். கெட்டது எதுவும் சொல்லவில்லை. குடிக்காதே என்றார், அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளாதே என்றார். இன்றைக்கும் வாத்தியார் பெயரைச் சொல்வதாகத்தான் முடிவாகியிருந்தது. வாத்தியார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், சபையிலேயே பிறந்து வளர்ந்தவர், நல்ல மனிதர். முடிவெடுத்தது யார் என்று கேட்டால்... மைக்கய்யாதான்.

மகளின் நம்பருக்கு அடித்துப் பார்த்தார். சுவிட்ச் ஆஃப். கடைக்கு அடித்தார்.

"இன்னும் வரலியே ஐயா. லீவுன்னு நெனச்சோம்."

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தாறு வயது ஆண், வாயில் கையை வைத்துப் பொத்திக்கொண்டு அழுதார்.

மணி பதினொன்று ஐந்து.

* * *

சால்வையில் உள்ளங்கை அகலத்துக்குக் காபிக் கறை. துவைக்க நேரமில்லை. வேறு சால்வையும் கிடையாது. சபைக்கே ஒன்றுதான். அப்படியே தோளில் போட்டுக்கொண்டு பெரியவர் அறைக்கு நடந்தார்.

வராந்தாவில் பந்தோபஸ்துக்கு வந்த இன்ஸ்பெக்டரம்மா நின்றிருந்தார். தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிட்டார்.

"நல்லா இருக்கீங்களா ஐயா? என்னைத் தெரியுதா? எங்கம்மா இங்கதான் முப்பது வருஷமா முன் வரிசை."

"தெரியும்மா."

"இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் முடிங்க ஐயா. அம்மாவுக்கு முட்டி வலி. நின்னுக்கிட்டே கேக்க முடியல. முன்னெல்லாம் பெரியவர் ரெண்டே வரிதான் சொல்வாராம். இப்போ அரை மணி நேரம் போகுதேன்னு புலம்பறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

சொல்லிவிடலாமா?

மைக்கய்யா வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் பின்னால் ஒருவன் தூணில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் இன்னொருவன் தண்ணீர் குடித்துக்கொண்டே அவரைப் பார்த்தான். டி.வி.க்காரன் கேமராவைத் திருப்பினான். யார் அவர்களுடைய ஆள்? எல்லோருமே அப்படித்தான் தெரிந்தார்கள்.

"என்ன ஐயா? முகம் ஒரு மாதிரி இருக்கே."

"ஒண்ணுமில்லம்மா. ராத்திரி சரியாத் தூங்கல."

போய்விட்டார். இன்ஸ்பெக்டரம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

* * *

பெரியவர் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண்கள் மட்டும் திறந்திருந்தன.

மைக்கய்யா அவர் காலடியில் உட்கார்ந்தார். சொல்லி அழ வேறு யார் இருக்கிறார்கள்?

"என் பொண்ணைத் தூக்கிட்டாங்க ஐயா. காண்ட்ராக்டர் பேரைச் சொல்லணுமாம். நான் என்ன பண்ணட்டும்? உங்க பேர்ல எவ்வளவோ பேசிட்டேன்... எல்லாத்துக்கும் சேர்த்து இப்போ அவளை..."

பதிலுக்காக அவர் காதைக் கொடுக்கவில்லை. இரண்டு வருடமாக இல்லாதது இன்றைக்கு மட்டும் வந்துவிடுமா?

கதவு தட்டப்பட்டது.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் சபையின் முத்திரை போட்ட புது டாலர், வாய் நிறையச் சிரிப்பு. காண்ட்ராக்டர்.

"பெரியவர்கிட்ட ஆசி வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன். மூணு தலைமுறையா சபைக் குடும்பம் பாருங்க நாங்க. எது செஞ்சாலும் இங்க வந்து ஒரு கும்பிடு போட்டாத்தான் மனசு ஆறும்."

மூன்று தலைமுறை விஷயம் சுவரெல்லாம் போஸ்டரில் இருந்தது. போன தேர்தலில் வேறொரு சபையின் போஸ்டரில் நான்கு தலைமுறை என்று இருந்தது. ஊர்க் கோடியில் அது இன்னும் பாதி கிழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

மைக்கய்யா எழுந்து அவர் காலில் விழப் போனார்.

"ஐயா... என் பொண்ணு... உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டுடச் சொல்லுங்க. நீங்க சொல்றபடியே செய்யறேன்."

காண்ட்ராக்டர் அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். சிரிப்பு குறையவில்லை.

"பொண்ணா? எந்தப் பொண்ணு? எனக்கு ஒண்ணும் புரியலையே மைக்கய்யா. பொம்பளப் பிள்ளைங்க பத்திரமா வீடு வந்து சேரணும்னா நல்லவங்க ஜெயிக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

கதவு வரை போனவர் திரும்பினார்.

"ஆங்... அந்தத் துண்டுல காபி கொட்டியிருக்கு பாருங்க. டி.வி.ல அசிங்கமாத் தெரியும். மேடைக்குப் போகும்போது கழட்டிப் போட்டுட்டுப் போங்க."

போய்விட்டார்.

மைக்கய்யா காதில் அது விழவே இல்லை. அவர் கண்ணுக்குள் நீல நூல் சுற்றிய கண்ணாடி மட்டும் இருந்தது. மணி பதினொன்று நாற்பது. இன்னும் இருபது நிமிடம்.

நாற்காலியில் இருந்த பெரியவரின் கண்கள் மட்டும் மெதுவாக நகர்ந்து, கறை பட்ட சால்வையில் வந்து நின்றன. அதைக் கவனிக்க அங்கே யாருமில்லை... நம்மைத் தவிர!

* * *

மணி பன்னிரண்டு.

கூடத்தில் நாலாயிரம் பேர். முன் வரிசையில் இடது பக்கம் வாத்தியார், வலது பக்கம் காண்ட்ராக்டர். சுவரோரமாக இன்ஸ்பெக்டரம்மா. அவருடைய அம்மா முட்டியைத் தடவிக்கொண்டு அவரை ஒட்டின நாற்காலியில்.

மேடை மேல் சக்கர நாற்காலி வந்து நின்றது. மைக்கய்யா அதன் பக்கத்தில். தோளில் கறை பட்ட சால்வை.

முதலில் அவர் பெரியவர் பக்கம் குனிய வேண்டும். குனிந்தார்.

ஒன்று.

இரண்டு.

எண்ணி முடித்தாயிற்று. ஆனால் அவர் நிமிரவில்லை.

நிமிர முடியவில்லை என்பதுதான் சரி. நிமிர்ந்தால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால், பதினெட்டு வருடமாகத் தன்னை நம்பி எழுந்து நிற்கிற நாலாயிரம் பேரை அவரே கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஒரு கடத்தல்காரனிடம் ஒப்படைத்தது போல. சொல்லாவிட்டால் பாப்பா இல்லை. முகத்தைப் பெரியவரின் தோளில் வைத்து "என்ன பண்ணட்டும் ஐயா... என்ன பண்ணட்டும்..." என்று முனகினார். மைக் கொஞ்சம் தள்ளி இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

ஐந்து விநாடி... எட்டு... பத்து...

கூடத்தில் லேசான சலசலப்பு. காண்ட்ராக்டர் வாட்சைப் பார்த்தார்.

மைக்கய்யா நிமிர்ந்தார்.

கன்னம் நனைந்திருந்தது.  சால்வையைக் கழற்றினார். நாலாக மடித்தார். பெரியவரின் மடியில் வைத்தார். மைக் முன்னால் வந்தார்.

"காண்ட்ராக்டருக்கு ஓட்டுப் போடுங்க."



ஒருத்தரும் எழவில்லை. ஒரு நாற்காலி கூட அசையவில்லை. நாலாயிரம் பேரும் பெரியவர் மடியில் இருந்த சால்வையையே பார்த்தார்கள்.

தப்பு, நாலாயிரம் இல்லை. ஒன்று குறைவு.

காண்ட்ராக்டர் எழுந்து நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். கண்ணைக் கூடத் துடைத்துக்கொண்டார். மக்கள் மெய்மறந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கும்பிட்ட கை கீழே இறங்கியதும் பாக்கெட்டுக்குள் போயிற்று. போனில் ஏதோ தட்டினார்.

இன்ஸ்பெக்டரம்மாவின் அம்மா மகளின் சேலை... இல்லை, யூனிபார்ம் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஏண்டி, சால்வையைக் கழட்டிட்டு எதுக்கு இதைச் சொல்றார்? பதினெட்டு வருஷத்துல இப்படிப் பார்த்ததே இல்ல. யாரோ மிரட்டியிருக்காங்கடி."

"தெரியுதும்மா."

"தெரிஞ்சா நின்னுக்கிட்டே இருக்கே?"

"சும்மா இரும்மா. காண்ட்ராக்டர் யாருக்கு மெசேஜ் அனுப்பறார்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்."

மேடையில் மைக்கய்யா மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  அவன் சபையைப் பற்றித் தெரிந்தவனாக இருந்தால்... சால்வையின் அர்த்தம் தெரிந்தவனாக இருந்தால்... பாப்பா போய்விட்டாள். தன் கையாலேயே கொன்றாயிற்று.

ஒரு நிமிடம்.

மூன்று நிமிடம்.

ஏழு நிமிடம். எழுந்து போக யாருக்கும் மனம் வரவில்லை.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. புது நம்பர்.

"அப்பா..."

"பாப்பா! எங்கம்மா இருக்கே?"

"தெரியலப்பா. வேன்ல இருந்து இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு சைக்கிள் கடைக்காரர் போன்ல இருந்து பேசறேன். எனக்கு ஒண்ணும் ஆகல. சிமெண்ட் மூட்டை அடுக்கின குடோன்ல வச்சிருந்தாங்க. கண்ணாடியைப் பிடுங்கிட்டாங்கப்பா... எதிர்ல நிக்கற பஸ் எந்த பஸ்னு கூடத் தெரியல."

"எந்த பஸ்லயும் ஏறாதே. அங்கேயே இரு. அப்பா வரேன். அப்பா வந்துட்டே இருக்கேன்."

அவசரத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மைக்கும் அணைக்கப்படவில்லை. கூடம் முழுக்கக் கேட்டது.

நாலாயிரம் பேரும் இப்போது எழுந்தார்கள்.

காண்ட்ராக்டர் உட்கார்ந்துவிட்டார்.

* * *

"போனைக் கொடுங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"எதுக்கு? என்னம்மா இது அநியாயம்... யாரோ ஒரு பொண்ணைக் கடத்தினா எனக்கு என்ன சம்பந்தம்? என்னை மாட்டி விடறதுக்குன்னே எதிர்க் கோஷ்டி என் பேரைச் சொல்லச் சொல்லி மிரட்டியிருக்கும். அந்த வாத்தியாரை விசாரிங்க."

"விசாரிச்சுட்டேன் சார். வாத்தியார் எழுந்திருக்கல."

"என்னது?"

"அவர் சபையில பொறந்தவர். சால்வை இல்லாமச் சொன்னா அது பெரியவர் வாக்கு இல்லன்னு அவருக்குத் தெரியும். அவர் கடத்தியிருந்தா, சால்வை கழண்டதுமே ஏமாத்திட்டாங்கன்னு புரிஞ்சிருக்கும். பொண்ணை விட்டிருக்க மாட்டார். காரியம் முடிஞ்சதுன்னு நம்பின ஆள்தான் விட்டிருக்கான். இங்க அப்படி நம்பினது ஒரே ஒருத்தர்தான். எழுந்து நின்னு கும்பிடு வேற போட்டீங்க."

காண்ட்ராக்டருக்கு வேர்த்தது.

"மூணு தலைமுறைன்னு போஸ்டர் அடிச்சீங்களே சார்... மூணு வாரம் கூட்டத்துக்கு வந்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும்."

போன் கைமாறியது. மச்சானுக்குப் போன கடைசி மெசேஜ் திரையில் அப்படியே இருந்தது. 'சொல்லிட்டான். பொண்ணை விட்டுடு.'

"எழுத்துப் பிழை கூட இல்லாம அடிச்சிருக்கீங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "கோர்ட்டுல படிக்க வசதியா இருக்கும். ஏட்டய்யா, சாரை வண்டியில ஏத்துங்க. இவர் சிமெண்ட் குடோன் எங்கன்னு கேட்டு மச்சானையும் ஏத்திக்குங்க."

* * *

மணி இரண்டே கால்.

பாப்பா பெரியவர் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மைக்கய்யா அவள் கையை விடவே இல்லை. போலீஸ் ஜீப்பில் அவளைக் கூட்டிவந்த இன்ஸ்பெக்டரம்மா நோட்டை மூடினார்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும் ஐயா. ரொம்பப் பெரிய ரிஸ்க் எடுத்தீங்க. அந்த ஆளுக்குச் சால்வை விஷயம் தெரிஞ்சிருந்தா?"

மைக்கய்யா தலையைக் குனிந்துகொண்டார்.

"அது என் யோசனை இல்லம்மா."

"பின்னே?"

"எனக்கு யோசிக்கற நிலைமையே இல்ல. சால்வையோடயே அவன் பேரைச் சொல்லிடலாம்னுதான் குனிஞ்சேன். அப்போ காதுல விழுந்துச்சு... 'அதைத் துண்டுன்னு சொன்னான்டா. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. கழட்டிட்டுச் சொல்லு'ன்னு."

"யாரு சொன்னது?"

மைக்கய்யா சக்கர நாற்காலியைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரம்மாவும் பார்த்தார். பாப்பாவும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

பெரியவரின் கண்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தன. மடியில் இன்னும் அந்தச் சால்வை.

மைக்கய்யா முட்டி போட்டு அவர் அருகில் போனார். 

"ஐயா... என்னை மன்னிச்சுடுங்க. ரெண்டு வருஷமா உங்களுக்குப் பேச்சே போயிடுச்சுன்னு நெனச்சு... நானாவே என்னென்னவோ... உங்களுக்கு எப்பய்யா வாய் வந்துச்சு?"

காதைக் கொடுத்தார். இந்த முறை எண்ணவில்லை. காத்திருந்தார்.

பெரியவரின் உதடு மெல்ல அசைந்தது.

"ஆறாவது மாசமே வந்துடுச்சு. நீ எங்கடா பேச விட்ட?"